புதன்கிழமைப் பக்கம்

எங்கள் கைடுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. ரஃப் நோட்டில் ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் தேதியும் கிழமையும் போட வேண்டும். எழுதியது தப்பானாலும் தாளைக் கிழிக்கக்கூடாது. "கணக்குல தப்பு வர்றது குத்தமில்லே, எப்போ வந்ததுன்னு தெரியாமப் போறதுதான் குத்தம்" என்பார். முதல் வருடம் எனக்கு எரிச்சலாக இருந்தது. பிறகு பல் தேய்ப்பது மாதிரி கை பழகிவிட்டது.

என் ஆராய்ச்சி பூலியன் இயற்கணிதத்தில். கரமனை வீட்டுக்கு வருகிறவர்களிடம் அப்பா "கம்ப்யூட்டர் சம்பந்தமா ஏதோ" என்று சொல்லி முடித்துவிடுவார். நானும் திருத்துவதில்லை. திருத்தினால் அரை மணி நேரம் போகும்.

என் பேர் சொல்ல அப்போது ஒரே ஒரு துணைத்தேற்றம்தான், எங்கள் பேச்சில் லெமா, இருந்தது. கருத்தரங்கில் வாசித்து, தொகுப்பிலும் அச்சாகிவிட்டது. எனக்கு ஜூனியர் ஒருத்தி, பொன்முடி எஸ்டேட் தொழிலாளர் லயத்திலிருந்து வந்தவள், தன் தீசிஸின் மூன்றாம் அத்தியாயம் முழுவதையும் அதன்மேல் கட்டியிருந்தாள். அந்த வெள்ளிக்கிழமைக்குள் அவள் தீசிஸைக் கொடுத்தாக வேண்டும், இல்லாவிட்டால் பதிவே காலாவதி. மறுநாள் சனிக்கிழமை எனக்கு ஒரு கல்லூரியில் இன்டர்வியூ.

புதன்கிழமை மத்தியானம் டிபார்ட்மென்ட் லைப்ரரியில் உட்கார்ந்து, இன்டர்வியூவில் என்ன கேட்பார்கள் என்று என் நிரூபணத்தை நானே குடைந்துகொண்டிருந்தேன். அதில் ஒரு வரி: "இவை அனைத்தின் மீச்சிறு மேல்வரம்பை b என்க. அது இருப்பதை எளிதில் காணலாம்." எழுதிய நானும், படித்த கைடும், அச்சுக்கு ஒப்புதல் கொடுத்தவரும் அந்த வரியைத் தாண்டிப் போயிருந்தோம். எங்கே காணலாம், காட்டு பார்ப்போம் என்று என்னையே கேட்டேன். காட்ட முடியவில்லை.

முடிவுள்ள எண் கணங்களையும், முடிவான சில எண்கள் மட்டும் விடுபட்ட கணங்களையும் சேர்த்து ஒரு இயற்கணிதம் எடுத்துக்கொள்ளுங்கள். இரட்டைப்படை எண்கள் எல்லாவற்றையும் உள்ளடக்கும் மிகச் சிறிய கணம் அதில் எது? எதை எடுத்தாலும் அதில் ஒற்றைப்படை எண்களும் எக்கச்சக்கமாக இருக்கும். ஒன்றை எடுத்து வெளியே போட்டால் இன்னும் சிறியது கிடைத்துவிடும். போட்டுக்கொண்டே இருக்கலாம், மிகச் சிறியது வரவே வராது. எம்.எஸ்ஸி. பிள்ளைகளுக்கு நானே வீட்டுப்பாடமாகக் கொடுத்த உதாரணம் இது. போர்டில் எப்போதும் எட்டு முனைக் கனசதுரத்தையே வரைந்து யோசிக்கிறவர்களுக்குத்தான் இப்படி ஒரு தப்பு வரும். அந்த எட்டு முனைக்குள் எல்லாவற்றுக்கும் மேல்வரம்பு உண்டு. அதைப் பார்த்துக்கொண்டே முடிவிலிக்கும் எழுதிவிட்டேன், மண்டு.

அப்போதே அவளிடம் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். ஹாஸ்டல் ஐந்து நிமிட நடை. இந்த நேரத்தில் சொன்னால் அவள் பதிவே போய்விடும், பாவம், என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. பயந்தது என் இன்டர்வியூவுக்காக.

வெள்ளிக்கிழமை பைண்டிங் கடைக்கு அவளோடு நானும் போனேன். அவள் ஆபீஸில் கையெழுத்துப் போடும்போது தீசிஸ் பிரதிகளை நான்தான் பிடித்துக்கொண்டு நின்றேன். சனிக்கிழமை அந்தத் துணைத்தேற்றத்தைப் பற்றித்தான் கேட்டார்கள். தடங்கலில்லாமல் பேசினேன். அந்த வேலை கிடைத்தது. இன்றும் அதில்தான் இருக்கிறேன்.

திங்கட்கிழமை கேன்டீனில் அவளிடம் சொன்னேன். "என் லெமாவுல ஓட்டை இருக்குடி. இன்னிக்குக் காலம்பறதான் கண்ணுல பட்டுது."

அவள் முகம் வெளுத்துவிட்டது. ஆனாலும், "சாரமில்லக்கா, பரவாயில்ல, சரியாக்கிடலாம். நோட்டக் குடுங்க, பாக்கட்டு" என்றாள்.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். என் நெஞ்சு ஐந்து நாளாகக் குறுகுறுத்தது, மூளைதான் வேலை செய்யவில்லை. நோட்டைத் திறந்து அந்தப் பக்கத்தையே எடுத்துக் கொடுத்தேன். உதாரணத்தை வரிவரியாகப் படித்துத் தலையாட்டினாள். பிறகு அவள் விரல் மேலே போய் நின்றது.

"புதன்கிழமை" என்றாள். குரல் உயரவில்லை. "புதன்கிழமையே சொல்லிருந்தா மூணாம் அத்தியாயத்த எடுத்துட்டு மத்த நாலையும் கொடுத்திருப்பேன். அது போதும்னு கைடு சார் முந்தியே சொல்லிருந்தாரு."

பதிவு, காலாவதி என்று நான் தயார் செய்து வைத்திருந்த நியாயம் அங்கேயே உதிர்ந்தது. வெட்கமாக இருந்தது.

மறுநாள் செவ்வாய்க்கிழமை அவள் ஒரு மனுவோடு வந்தாள். கொடுத்த தீசிஸைத் திருத்தத் திரும்பப் பெறுவதற்கு. துணைத்தேற்றத்துக்கு உரியவள் என்று என் கையெழுத்தும் வேண்டும். பிழை யாரால், எப்போது கண்டறியப்பட்டது என்ற இடத்தில் என் பெயரையும் "திங்கட்கிழமை" என்றும் அவளே எழுதியிருந்தாள்.

நிமிர்ந்து அவளைப் பார்த்தேன். "சார் நோட்டைக் கேட்டார்னா?"

"என் நோட்டக் கேட்டா காட்டுவேன். அதுல திங்கள்னுதான் இருக்கு" என்றாள். "போடுங்க, எனக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சு."

போட்டேன். கையெழுத்துக்குக் கீழே கை தானாகவே அன்றைய தேதியையும் கிழமையையும் சரியாக எழுதியது.