பேர் வெட்டாத பூ ஜாடி

பழைய சாமான் வியாபாரத்தில் சரக்கை விற்பது பெரிய காரியமே இல்லை. இதை யார் செய்தது என்று கேட்கிறவருக்குப் பதில் சொல்வதுதான் பெரும்பாடு. ஏற்காட்டில் எஸ்டேட் பங்களாக்கள் கைமாறும்போது வெளியே வருகிற நாற்காலி, கடிகாரம், கண்ணாடிச் சாமான்களை வாங்கி விற்கிறவன் நான். இதே தொழிலில் மாட்டிக்கொண்ட புண்ணியவான்கள் யாராவது இதைப் படித்தால், என் பாடு உங்களுக்குச் சொல்லாமலே புரியும்.

எல்லாம் பெல்ஜியம்

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. கண்ணாடிச் சாமான் வந்தால் முதலில் அடியைத் திருப்பிப் பார்ப்போம். பேர் இருந்தால் அந்தப் பேர். இல்லாவிட்டால் பெல்ஜியம். எந்த மகராசன் ஆரம்பித்து வைத்தானோ தெரியாது, சேலம் கடைவீதி தொடங்கி எங்கள் மலை வரைக்கும் பேரில்லாத கண்ணாடிக்கெல்லாம் அதுதான் பிறந்த ஊர். என் கடையில் மேஜை நாற்காலிக்குப் பாலீஷ் போடும் செல்வம், வந்தவர் கேட்டு முடிப்பதற்குள் அந்த ஊர்ப் பேரைச் சொல்லிவிடுவான்.

ஒருமுறை பெங்களூரிலிருந்து ஓர் அம்மாள் வந்தார். விளக்குச் சிமினி, மிட்டாய் பாட்டில், முகம் பார்க்கும் கண்ணாடி என்று ஒவ்வொன்றாகக் காட்டி எந்த ஊர் என்று கேட்டார். செல்வமும் சளைக்காமல் பெல்ஜியம், பெல்ஜியம் என்றான். எதையும் வாங்காமல் படி இறங்கியவர், திரும்பி என்னைப் பார்த்து நிதானமாகச் சொன்னார்: "பாவம், அந்த ஊர்ல இப்போ ஒரு சாமானும் மிச்சம் இருக்காது போலிருக்கே."

சரோஜா கொண்டுவந்த ஜாடி

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் தையல் கடை வைத்திருக்கிற சரோஜா ஒருநாள் எதையோ துண்டில் சுற்றி எடுத்து வந்தார். பிரித்தால் நீலக் கண்ணாடிப் பூ ஜாடி. ஒரு சாண் உயரம், வயிறு பெருத்து, கழுத்து சிறுத்து, பார்க்க லட்சணமாக இருந்தது. அடியைத் திருப்பினேன். பேரில்லை. நாக்கு நுனி வரை வந்த பெல்ஜியத்தை, அவர் முகத்தைப் பார்த்ததும் விழுங்கிவிட்டேன்.

விஷயம் இதுதான். சரோஜா, டிரைவர் டேவிட்டை விரும்பிக் கல்யாணம் செய்துகொண்டவர். மதம் வேறு என்று அண்ணன் முருகேசன் கல்யாணத்துக்கு வரவில்லை. அன்றோடு பேச்சுவார்த்தையும் நின்றுபோனது. பரிசாக வந்த குடம், தாம்பாளம் எல்லாவற்றிலும் கொடுத்தவர்கள் பேர் வெட்டியிருந்தது. பேர் வெட்டாமல் நம் ஆட்கள் ஒரு டம்ளராவது கொடுப்பார்களா? பழைய பேப்பரில் சுற்றி, எஸ்டேட் ஆள் ஒருவன் கொடுத்துவிட்டுப் போன இந்த ஜாடிக்கு மட்டும் பேரில்லை.

முருகேசன் அப்போது கொட்டச்சேட்டுப் பக்கம் ஓர் எஸ்டேட்டில் வேலையில் இருந்தார். அந்த எஸ்டேட் துரை நம் ஊர்க்காரர்தான். வெளிநாட்டில் படிக்கப் போய், கண்ணாடி ஊதும் பைத்தியத்தோடு திரும்பி வந்தவர். காபிக்கொட்டை ஷெட்டில் உலை கட்டி, முருகேசனுக்கும் ஊதக் கற்றுக்கொடுத்திருந்தார். அந்த உலையில் ஊதியவர்கள் இந்த இரண்டே பேர்.

இப்போது சரோஜாவின் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. கோயிலோ சர்ச்சோ, தாய்மாமன் சீர் இல்லாமல் இந்தப் பக்கத்தில் கல்யாணம் ஏது? ஆனால் பத்திரிகையோடு போய் நின்று, அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டால் தாங்குகிற தெம்பு சரோஜாவுக்கு இல்லை. ஜாடி அண்ணன் கையால் செய்தது என்றால் தைரியமாகப் போகலாம். துரை செய்தது என்றால், எஸ்டேட் ஆளின் தங்கச்சி கல்யாணம் என்று மரியாதைக்கு அனுப்பியது, அவ்வளவுதான். நான் வழக்கம்போல விலையை யோசிக்கிறேன் என்று நினைத்தாரோ என்னவோ, சரோஜா சொன்னார்: "ஏனுங்க பாய், இது விக்கறதுக்கு இல்லைங்க. துரை செஞ்சதா, எங்கண்ணன் செஞ்சதான்னு மட்டும் சொல்லுங்க, போதும்."

உலை ஒன்று, கை இரண்டு

துரை காலமான பிறகு அவர் பங்களா சாமான்கள் கொஞ்சம் என்னிடம்தான் வந்தன. அவர் ஊதிய இரண்டு ஜாடிகள் விலைபோகாமல் அலமாரியில் இருந்தன. அவற்றோடு சரோஜாவின் ஜாடியையும் ஜன்னல் வெளிச்சத்தில் வைத்தேன். மூன்றும் ஒரே நீலம். அந்தக் காலத்து நீல மருந்து பாட்டில்களை உருக்கித்தான் துரை ஊதுவார் என்பது எஸ்டேட்டில் எல்லோருக்கும் தெரிந்த கதை. அதனால் உலை ஒன்றுதான். கை யாருடையது?

ஜாடியின் வாயை விரித்துச் சரிசெய்யும்போது, பிடித்துக்கொள்ள அடியில் ஓர் இரும்புக் கம்பியை ஒட்டவைப்பார்கள். வேலை முடிந்து கம்பியைத் தட்டி எடுத்தால் அங்கே கரடுமுரடாக ஒரு தழும்பு நிற்கும். துரை அதை வழவழவென்று தேய்த்து, நடுவில் தன் பேரைக் கீறிவிடுவார். சரோஜாவின் ஜாடியில் தழும்பு விரலைக் குத்தியது. இது துரையின் கையில்லை என்று முக்கால்வாசி நம்பிக்கை வந்துவிட்டது. மீதிக்காக நான் தலையைச் சொறிந்துகொண்டிருந்தபோது, செல்வம் பாலீஷ் துணியோடு வந்து எட்டிப் பார்த்தான். "துரையாவது பேர் போடாம விடறதாவது! எங்க ஊட்டுக் கல்யாணத்துக்கு அவரு குடுத்த ஆஷ்ட்ரேயில, ஆஷ்ட்ரேயை விடப் பேருதானுங்க பாய் நொம்பப் பெருசு."

குப்பனூர் டீக்கடை

முக்கால்வாசி நம்பிக்கையை வைத்துக்கொண்டு ஒரு தங்கச்சியை அண்ணன் வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்த முடியுமா? முருகேசன் இப்போது மலையடிவாரத்துக் குப்பனூரில் டீக்கடை வைத்திருந்தார். சரோஜாவிடம் கேட்டுக்கொண்டு, ஜாடியை மடியில் வைத்து நானே பஸ் ஏறினேன். ஒவ்வொரு வளைவிலும் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது.

ஒரு டீ குடித்துவிட்டு, ஜாடியை மேஜையில் வைத்தேன். முருகேசன் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். அடியைத் திருப்பவே இல்லை. வாய் விளிம்பில் விரலை வைத்து மெதுவாகச் சுற்றி, ஓரிடத்தில் நிறுத்தினார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான், சொல்வதற்கென்ன. பேர் ஏன் போடவில்லை என்று கேட்டேன். "இந்த எடத்துல வாய் கோணிப்போச்சுங்க பாய். மறுநாளு கல்யாணம், வேற ஊத நேரமில்லை, வீம்புல நானும் போகாம ஆள்கிட்டக் குடுத்து உட்டுட்டேன். கோணல் இல்லாம ஒண்ணு ஊதி, பேர் போட்டு, நானே எடுத்துட்டு அவ ஊட்டுக்குப் போலாம்னு இருந்தேனுங்க. அதுக்கப்புறம் எத்தனையோ ஊதிட்டேன், ஒண்ணுகூட அவளுக்குக் குடுக்கற மாதிரி வரலைங்க."

தையல் மிஷின் நின்றபோது

மலைக்குத் திரும்பி, அவர் சொன்னதை ஒரு சொல் விடாமல் சரோஜாவிடம் சொன்னேன். மிஷினை நிறுத்திவிட்டுக் கேட்டார். கேட்டு முடிந்ததும் அழுதார். நான் நூல்கண்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்ததும் அவருக்குக் கோபம் வந்ததே பார்க்கணும். டேவிட்டுக்கு போன் போட்டு நாளைக்கே குப்பனூர் போகணும் என்று உத்தரவு போட்டுவிட்டு, என்னமோ நான்தான் முருகேசன் என்கிற மாதிரி என்னைப் பிடித்துக்கொண்டார்: "வாய் கோணினா என்னங்க பாய், அதுல நாங்க காபியா குடிக்கப்போறோம்? இதுக்குப் போயி ஒரு மனுசன் இத்தனை வருசம் தங்கச்சி ஊட்டுக்கு வராம இருப்பானுங்களா?"

முருகேசன் டீக்கடையைப் பூட்டிவிட்டு வந்து சீர்த்தட்டோடு மேடையேறியதை முன்வரிசையில் உட்கார்ந்து பார்த்தவன் என்கிற முறையில் சொல்கிறேன், ஒரு சாமானைச் செய்தவன் யாரென்று எங்களை மாதிரி ஆட்கள் முட்டி மோதிக் கண்டுபிடித்துவிடலாம், அவனைக் கிளப்பிக் கொண்டுவருவதற்கு மட்டும் தங்கச்சி திட்டினால்தான் உண்டு.