அகாம்பேனே தீவைச் சுற்றிய படகு

எங்கள் மலைநாட்டுப் புன்யோன்யி ஏரியில் துடுப்புப் போடக் கியாரிசீமாவுக்கு யாரும் கற்றுத் தரவேண்டியதில்லை. எதிர்க்கரைப் பள்ளிக்கு வருஷக்கணக்காகப் பிள்ளைகளை ஏற்றி இறக்கியவள் அவள். ஆனாலும் சுற்றுலாப் பயணிகளைக் கூட்டிப்போகும் எங்கள் படகுக்காரர் சங்கத்தில் இடம் கேட்டு வந்தபோது, எங்கள் ஆட்கள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். அவள் பொம்பளை என்பது மட்டும் காரணமில்லை. அவளுடைய மகள் ஒரிஷாபா கல்யாணம் ஆகாமலே வயிற்றைத் தள்ளிக்கொண்டு நின்றாள். கியாரிசீமாவின் புருஷன் செத்தபின் அந்த வீட்டில் சம்பாதிக்க வேறு ஆளில்லை. ஒரிஷாபா படகுத்துறையில் விற்ற சோளக்கூழைக்கூட யாரும் வாங்கிக் குடிக்கவில்லை. ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

சங்கத் தலைவர் பருகஹாரே ஒரு சோதனை வைத்தார். பயணி ஒருத்தியை ஏற்றிக்கொண்டு அகாம்பேனே தீவுவரை போய், அந்தத் தீவின் கதையைச் சொல்லித் திரும்பவேண்டும். அவரும் கூட வருவார். துணைத் துடுப்புக்கு நான்.

தீவு என்றதும் பெரிதாக நினைக்கவேண்டாம். நாலு புல், ஒரு பட்ட மரம், மரத்தில் நீர்க்காகங்கள். அந்தக் காலத்தில் கல்யாணத்துக்கு முன் கர்ப்பமான பெண்களை எங்கள் முன்னோர் அங்கே கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். பரிசம் கொடுக்க மாடில்லாத ஏழை எவனாவது படகில் வந்து கூட்டிப்போனால் உண்டு, இல்லாவிட்டால் பட்டினிதான். எங்கள் படகுக்காரர்கள் இதைச் சொல்லி, 'ஓசியில் பெண்டாட்டி கிடைக்கிற கடை' என்று முடிப்பார்கள். சிரித்த பயணிக்கு இனாம் கொடுக்கக் கை தாராளமாகும். இந்தக் கிண்டலை ஆரம்பித்து வைத்தவரே பருகஹாரேதான்.

கிளம்பும்போது ஒரிஷாபா துறையில் நின்றாள்.

"நீயும் சிரிக்க வெச்சிடும்மா. நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்."

தீவை நெருங்கியதும் பயணிப் பெண் தானும் துடுப்புப் போடுவேன் என்று அடம்பிடித்தாள். எங்கள் படகு ஒற்றைத் தைலமரத்தைக் குடைந்து செய்தது. பழகாத கை பட்டால் முன்னே போகாது, செக்குமாடு மாதிரி சுற்றும். வழக்கமாகச் சட்டென்று தாண்டிவிடுகிற தீவு, அன்றைக்குத் திரும்பத் திரும்ப எங்கள் கண்முன் வந்து நின்றது. துடுப்பை வாங்கிவிடும்படி நான் ஜாடை காட்டினேன். கியாரிசீமா கண்டுகொள்ளவில்லை. படகு சுற்றச் சுற்றக் கதையைச் சொன்னாள்.

மாடில்லாதவன் வரும் இடம் வந்தது. தலைவர் சிரிக்கத் தயாராக இருந்தார்.

"அவன் அவளைக் கூட்டிட்டுப் போனான்," என்றாள் கியாரிசீமா. "அவ புள்ளை பெத்தா. நெலத்தைக் கொத்தினா. அவ பேரப்புள்ளைங்க இன்னிக்கு இந்த ஏரியில படகு ஓட்டுறாங்க."

அதோடு நிறுத்திக்கொண்டாள். அந்தப் பெண்ணின் பெயர் என்ன என்று பயணி கேட்டாள்.

அந்தப் பெயர் எங்கள் மலையில் எல்லாருக்கும் தெரியும், யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொன்னால் தலைவர் மானம் போகும். அதோடு இவள் பிழைப்பும் போகும். படகு இன்னொரு சுற்றுச் சுற்றியது.

"நியாமிஷானா," என்றார் பருகஹாரே, தண்ணீரைப் பார்த்தபடி. "எங்கப்பாவைப் பெத்தவ. அப்பா வயித்துல இருந்தப்பதான் இங்க கொண்டாந்து விட்டாங்க."

திரும்பும் வழியில், இனி அந்தச் சிரிப்பை அவரால் சிரிக்க முடியாதே என்று எனக்குப் பாவமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது.

துறையில் இறங்கியவர் நேராக ஒரிஷாபாவிடம் போய்க் கூழ் கேட்டார். எல்லாரும் பார்க்க, நின்றபடியே குடித்து முடித்தார்.

"நாளைக்கு மொத சவாரி உங்கம்மாவுக்கு," என்றார். குவளையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கொஞ்சம் தயங்கினார். "பொண்ணு பொறந்தா, எங்க பாட்டி பேரை வைக்கிறியா தாயி?"

அவருக்குப் பின்னால் கூழுக்கு நான் நின்றேன். எனக்குப் பின்னாலும் ஆள் நின்றது.