பரணை விட்டு இறங்காத துப்பாக்கி

சினிமாவில் யாராவது மொட்டை மாடியில் குப்புறப் படுத்துக்கொண்டு தூரத்தில் போகிறவனைக் குறிபார்த்துச் சுட்டால், அந்த ஸ்னைப்பர் துப்பாக்கி பெரும்பாலும் எங்கள் வீட்டுப் பரணிலிருந்து போனதாகத்தான் இருக்கும். என் அண்ணியின் பிழைப்பு அது. கட்டையும் இரும்புக் குழாயும் சேர்த்து அவளே செய்த டம்மி; சுடாது. படப்பிடிப்பில் அவளுக்குப் பீரங்கி என்று பட்டப்பெயர். காரணம் துப்பாக்கி இல்லை, வாய். நான் அதே படங்களுக்கு உடை தைக்கிறவள், அவளுடைய நாத்தனார். அந்த வாயோடு ஒரே வீட்டில் குடித்தனம் நடத்துகிறேன், எனக்குத் தெரியாதா?

இருப்பது ஒன்றே ஒன்றுதான். மரக்கட்டையும் பக்கவாட்டுப் பிடியும் மாட்டினால், ஒவ்வொரு குண்டுக்கும் இழுத்துத் தள்ள வேண்டிய பழைய ராணுவ மாடல். மடக்குகிற கறுப்புக் கட்டை மாட்டினால், அடுத்தடுத்துச் சுடும் போலீஸ் மாடல். குழாய் நுனியில் தகர டப்பா மாதிரி ஒன்றைத் திருகிவிட்டால், சுவரையே துளைக்கும் பெரிய மாடல். இது எந்த ரகம் என்று இணையத்தில் ரசிகர்கள் மண்டையை உடைத்துக்கொள்வார்கள். ஒருமுறை சாப்பாட்டு அவசரத்தில் மாற்றி மாட்டிவிட்டாள். கதாநாயகன் மரக்கட்டைத் துப்பாக்கியோடு படியேறி, மேலே போய்க் கறுப்புத் துப்பாக்கியால் சுட்டான். பார்த்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். இயக்குநர் மட்டும், அது நாயகனின் மனமாற்றத்தைக் காட்டுகிற குறியீடு என்று பேட்டி கொடுத்தார். அதைப் பார்த்து அண்ணி விழுந்து விழுந்து சிரித்தாள்.

ஆனால் ஒரு விஷயத்தில் சிரிக்கவே மாட்டாள். டம்மியே ஆனாலும் ஆளைப் பார்த்துத் துப்பாக்கி பிடிக்கக் கூடாது. காட்சி எடுக்கும்போதும் எதிரே வெறும் சுவர்தான் இருக்க வேண்டும். மீறினால் துப்பாக்கி பெட்டிக்குள் போய்விடும். ஓர் ஆளைக் காட்ட அவள் விரலைக்கூட நீட்ட மாட்டாள், மோவாயால்தான் காட்டுவாள்.

அதற்குக் காரணம் என் அண்ணன், அவள் புருஷன். லைட்மேன். முன்பு ஒரு படத்தில், வேறு யாரோ கொண்டுவந்த துப்பாக்கியில் வெறும் சத்தத்துக்கான வெடியைப் போட்டு, விளையாட்டாக அவன் பக்கம் திருப்பிச் சுட்டார்கள். குண்டு இல்லைதான். நெருப்பும் துகளும் பறந்து ஒரு கண் போய்விட்டது. சினிமாவில் குறிபார்க்கிறவர்கள் எல்லாம் ஒரு கண்ணை மூடிக்கொள்வார்களே, அதைச் சொல்லி, "நான் பர்மனென்ட்டா குறி பாத்துட்டு இருக்கேன்" என்று அவனே கேலி பேசுவான். அதற்கும் அண்ணி சிரிக்க மாட்டாள்.

அன்றைக்குப் பெரிய ஹீரோவின் படத்தில் கடைசிக் காட்சி. ரசிகர்களுக்காக ஒருத்தன் செல்போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தான். ஹீரோ சட்டென்று துப்பாக்கியைத் தூக்கி, சாரத்தின் மேல் லைட்டோடு நின்ற என் அண்ணனைக் குறிபார்த்து, "டுமீல்! நீ அவுட்டு!" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அண்ணனும் சிரித்தான். அவன் கை சாரத்தின் குழாயை இறுக்கிப் பிடித்திருந்ததை நான் பார்த்தேன்.

அண்ணி நேராகப் போய்க் கையை நீட்டினாள். "குடுங்க சார்."

"டம்மிதானேம்மா? என்ன பண்ணிடும்?"

"அன்னிக்கு அவர் கண்ணை எடுத்தவனும் இதையேதான் சொன்னான். மேல நிக்கிறவர்கிட்ட ஒரு வார்த்தை மன்னிப்புக் கேளுங்க. கேட்டா துப்பாக்கி இங்கயே இருக்கும்."

"யாரு, லைட்மேன்கிட்டயா?" என்று அவன் சிரித்தான்.

அவள் துப்பாக்கியை வாங்கினாள், கட்டையைக் கழற்றினாள், பெட்டியில் வைத்துப் பூட்டினாள். படக் கம்பெனி மேனேஜர் ஓடிவந்தார்.

"அக்கா, கடைசி சீன். இப்படிப் பண்ணா இனி இந்த ஊர்ல உங்களுக்கு வேலையே கிடைக்காது."

"இந்த ஊர்ல உங்களுக்கு வேற ஸ்னைப்பரே கிடைக்காது. மொதல்ல அதுக்கு வழியப் பாருங்க."

மேலேயிருந்து அண்ணன் கத்தினான். "விடும்மா, பரவால்ல. பொழப்பு முக்கியம்."

"நீங்க சும்மா இருங்க" என்று சொல்லிவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாள்.

படத்தின் கடைசியில் ஹீரோ வில்லனைக் கத்தியால் குத்திக் கொன்றான். எங்கள் வீட்டுக்கு அதன் பிறகு ஒரு அழைப்பும் வரவில்லை. அண்ணனையும் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். என் தையல் மெஷின்தான் அடுப்பெரித்தது. "உன் வீம்புக்கு வீட்டையே பட்டினி போடுவியா?" என்று அண்ணன் ஒருநாள் கேட்டேவிட்டான். அவள் துப்பாக்கிக் குழாய்க்கு எண்ணெய் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தாள். எனக்கும் அவள்மேல் கோபம்தான். ஆனால் 'யாரு, லைட்மேன்கிட்டயா' என்று அந்த ஹீரோ சிரித்த சிரிப்பு என் காதைவிட்டுப் போகவில்லை.

போன வாரம் அந்த மேனேஜர் வந்தார். படம் ஓடிவிட்டதாம், இரண்டாம் பாகம் எடுக்கிறார்களாம். முதல் பாகம் முழுக்க ஹீரோ தோளில் கிடந்த அதே துப்பாக்கி வேண்டுமாம், வேறு ரகத்தைக் காட்டினால் ரசிகர்கள் கிழித்துவிடுவார்களாம்.

"அன்னிக்கு நடந்ததுக்கு நான் மன்னிப்புக் கேட்டுக்கறேன் அக்கா."

"எனக்கில்ல." அவள் மோவாயால் அண்ணனைக் காட்டினாள். "அவர்கிட்ட. நீங்களும் இல்ல, குறி பாத்தவர் வந்து கேக்கட்டும்."

"சார் தெருமுனையில கார்லதான் இருக்கார். காரை விட்டு இறங்க மாட்டார் அக்கா."

"அப்ப துப்பாக்கியும் பரணை விட்டு இறங்காது."

மேனேஜர் அண்ணனைக் கெஞ்சுகிற மாதிரி பார்த்தார். அண்ணன் எழுந்து, பரணில் சாய்த்திருந்த ஏணியைப் பிடித்தான். ஏறத்தான் போகிறான் என்று நினைத்தேன். அவன் அந்த ஏணியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு போய், வீட்டுக்குப் பின்னால் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தான்.