மூன்று முறை அணைத்த விளக்கு

அவரை எல்லோரும் ஸ்கேனர்காரர் என்றே கூப்பிட்டார்கள். காரின் முகப்பில் இன்ஜின் விளக்கு மஞ்சளாக எரிய ஆரம்பித்தால் பாதி ஊர் அவருடைய பட்டறைக்குத்தான் ஓடிவரும். ஸ்கேனரைச் செருகி, திரையில் வரும் கோளாறு எண்ணைப் படிப்பார். ஆனால் அதை மட்டும் நம்பிவிட மாட்டார். பெட்ரோல் குழாயில் அழுத்தம் பார்ப்பார், டேங்க் மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று திருகிப் பார்ப்பார், வண்டியைக் கிளப்பச் சொல்லிக் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பார். "சும்மா லைட்ட மட்டும் அணைச்சு விடுங்க, வண்டிய விக்கப் போறேன்" என்று எவனாவது வந்தால் தொலைந்தான். "நம்பர அழிச்சா லைட்டுதான் போகும், கோளாறு போகுமா? வேற ஆளப் பாருய்யா" என்று விரட்டிவிடுவார். வாய் கொஞ்சம் நீளம், ஆனால் கை சுத்தம் என்று பெயர்.

அப்பேர்ப்பட்ட மனுஷர் தன் வீட்டு வண்டிக்கு என்ன செய்தார் என்று சொல்லும்போதே எரிச்சல் வருகிறது.

அவர் மனைவி பள்ளிக்கூட டீச்சர். மூன்று மணி நேரத் தொலைவில் அவளுடைய அப்பா படுத்த படுக்கையாகக் கிடந்தார். தாயில்லாத பெண்ணைத் தலைவாரிப் பள்ளிக்கு அனுப்பி வளர்த்த அப்பா. சனிக்கிழமை தவறாமல் தானே காரை ஓட்டிப் போய்ப் பார்த்துவிட்டு வருவாள். கடைசி நேரத்தில் உங்கள் பக்கத்தில் இருப்பேன் என்று அவர் கையைப் பிடித்து வாக்குக் கொடுத்திருந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, "ஏங்க, என் வண்டியிலயும் அந்த லைட்டு எரியுது. மேட்டுல ஏறும்போது திக்குது" என்றாள்.

ஸ்கேனரைச் செருகினார். இன்ஜினுக்குப் பெட்ரோல் போதவில்லை என்றது. டேங்குக்குள் இருக்கும் பம்பின் வடிகட்டி வலை அடைத்திருக்கிறது என்று அந்த நிமிஷமே அவருக்குப் பிடிபட்டுவிட்டது. டேங்கை இறக்க வேண்டும். பட்டறையிலோ தலைக்கு மேல் வேலை, ஏழு வண்டிகள் வரிசையில் நின்றன. வீட்டு வண்டிதானே, அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று கோளாறு எண்ணை மட்டும் அழித்தார். விளக்கு அணைந்தது.

"சரியாயிடுச்சா?"

"ஆயிடுச்சு, ஆயிடுச்சு."

பத்து நாளில் மறுபடியும் எரிந்தது. மறுபடியும் அழித்தார். மூன்றாவது முறை, "ஊரான் வண்டின்னா விழுந்து விழுந்து பாக்கறீங்க, என் வண்டின்னா இளக்காரம்" என்று அவள் முறைத்தாள். "நல்லாப் பாரு, அணைஞ்சு போச்சா இல்லையா?" என்று சிரித்தார். சிரித்திருக்கிறார், பாருங்கள்.

அடுத்த புதன்கிழமை மத்தியானம் பள்ளிக்கூடத்துக்கு அவளுடைய சித்தப்பாவிடமிருந்து போன் வந்தது. "அப்பாவுக்கு மூச்சு வாங்குதும்மா. உடனே கிளம்பு." போட்டது போட்டபடி கிளம்பினாள். பாதி வழியில், நீண்ட ஏற்றத்தில், வண்டி இரண்டு முறை இழுத்துப் பார்த்துவிட்டு நின்றேவிட்டது. அந்தச் சாலையில் கை காட்டினால் நிற்க ஒருவருமில்லை. அவள் போனில் கூப்பிட்டதும் அவர் ஒரு வாடிக்கையாளரின் வண்டியைக் கேட்டு வாங்கிக்கொண்டு பறந்து வந்து அவளை ஏற்றிக்கொண்டார்.

போய்ச் சேர்ந்தபோது அப்பாவின் கண்களை மூடிவிட்டிருந்தார்கள்.

"கால் மணி நேரம் முந்தி வந்திருக்கக் கூடாதா? வாசலையே பாத்துக்கிட்டு இருந்தாரும்மா" என்று சித்தப்பா அழுதார். பிறகு கோபம் மருமகன் மேல் திரும்பியது. "மெக்கானிக் பொண்டாட்டி வண்டி நடுரோட்டுல நிக்கலாமா மாப்ள?"

அவள் சட்டென்று நிமிர்ந்தாள். "அவர ஒண்ணும் சொல்லாதீங்க சித்தப்பா. மூணு தடவ சரிபண்ணிக் குடுத்தாரு. எல்லாம் என் நேரம்."

அவர் சுவரோடு சுவராக நின்றார்.

காரியங்கள் எல்லாம் முடிந்து திரும்பிய பிறகு டேங்கை இறக்கினார். வலை முழுக்கக் கறுப்பாக அழுக்கு அப்பியிருந்தது. காலையில் ஆரம்பித்த வேலை மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் முடிந்துவிட்டது. அன்றைக்கு அவருக்கு ஒரு வாய் சோறு இறங்கவில்லை.

அவள் அவரைக் குத்திக் காட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். அவளோ முன்னைவிட ஒட்டிக்கொண்டாள். சாயங்காலம் கிரீஸ் வாசனை போகாத அவர் தோளில் சாய்ந்து அழுவாள். அவர் முகம் வாடினால், "நீங்க ஏன் மருகறீங்க? உங்களால ஆனத செஞ்சீங்க" என்று தேற்றுவாள். அந்த ஆறுதல் ஒவ்வொன்றும் அவர் நெஞ்சை அறுத்தது.

இரண்டு மாதம் பொறுத்தார். ஒரு ஞாயிறு காலை அவள் துணி மடித்துக்கொண்டிருந்தபோது எதிரில் போய் உட்கார்ந்தார்.

"நான் வண்டிய சரிபண்ணல. கோளாறு என்னன்னு மொத நாளே தெரியும். மூணு தடவையும் லைட்ட மட்டும் அணைச்சேன்."

அவள் கை நின்றது.

"எவ்வளவு நேர வேலை?"

"அரை நாள்கூட இல்ல."

அழுவாள், கத்துவாள், கையில் இருப்பதைத் தூக்கி எறிவாள் என்று தலையைக் குனிந்து காத்திருந்தார். அவள் கையிலிருந்த துணியை மடித்து முடித்தாள்.

"அப்பா போனதுக்கப்புறம் சாஞ்சு அழறதுக்கு எனக்குன்னு நீங்க ஒருத்தர்தான் இருந்தீங்க" என்றாள். "இப்ப நான் யார்கிட்டப் போய் அழறது?"

அவள் மடித்த துணிகளை இரண்டாகப் பிரித்து, அவருடையதைத் தனியே வைத்துவிட்டு எழுந்து போனாள்.