எங்கள் தோட்டத்து உடும்பு

கல்யாணத்துக்கு முன்பு கள்ளக்குறிச்சியில் ஒரு தனியார் பள்ளியில் தாவரவியல் டீச்சராக இருந்தேன். கச்சிராயபாளையத்துக்கு வாழ வந்ததும் வேலையை விடச் சொன்னார்கள், விட்டுவிட்டேன். வீட்டுக்குப் பின்னால் அரை ஏக்கருக்குத் தோட்டம். பின்வேலியை ஒட்டி அணைத் தண்ணீர் வரும் வாய்க்கால். என் கணவர் உரக்கடைக்குக் கிளம்பிப் போனால் சாயங்காலம்தான் வருவார். பேச ஆளில்லை. அப்படித்தான் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு தோட்டத்தில் என்னென்ன உயிர் இருக்கிறது என்று எழுத ஆரம்பித்தேன்.

குப்பைமேனி, மூக்கிரட்டை, நாயுருவி என்று முதல் வாரத்திலேயே நாற்பது தாண்டிவிட்டது. செடிகளுக்குப் புத்தகப் பெயர் எனக்குத் தெரியும். ஊர்ப் பெயர் பலதும் தெரியாது. அவற்றைச் சொன்னவர் எங்களுக்குத் தேங்காய் போட வருகிறவர். மலையடிவாரத்துக்காரர், என் வயதுதான் இருக்கும். மரத்திலிருந்து இறங்கியதும் மேலே பார்த்ததையும் சொல்வார்.

"மூணாவது மரத்துல அணில் கூடு இருக்குதுமா. குட்டிங்க கண்ணே தொறக்கல. அந்த மட்டைய மட்டும் கழிக்கல, வுட்டுட்டேன். எழுதிக்கங்க."

எழுதிக்கொண்டேன். நான் செய்வதை வேலையென்று மதித்தவர் அந்த வீட்டில் அவர் ஒருவர்தான்.

எண்பத்து மூன்றாவதாக உடும்பை எழுதினேன். பழைய செங்கல் குவியல் மேல் வெயில் காய்ந்துகொண்டிருந்தது. என் கைநீளம் இருந்தது. நாக்கை நீட்டி நீட்டி இழுத்தது. ஐந்தாறு நாள் ஒளிந்து பார்த்து ஒரு நல்ல போட்டோ எடுத்தேன். பெருமை தாங்காமல் அதைக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. என் கணவரின் அண்ணன் மட்டும் கேட்டார்: "எத்தினி மணிக்கும்மா வெளிய வரும்?"

ஒருவராவது கேட்டாரே என்று எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஒன்பது, ஒன்பதரைக்குக் குவியலுக்கு வரும், வெயில் ஏறினால் கிணற்றோரப் பொந்துக்குப் போய்விடும் என்று விவரமாக எழுதி அனுப்பினேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எட்டு மணிக்கே அவர் சங்கராபுரத்திலிருந்து பைக்கில் வந்துவிட்டார். வண்டியிலிருந்து விழுந்ததிலிருந்து அவருக்கு இடுப்பு வலி. உடும்புக் கறி தின்றால் போய்விடும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அன்று தேங்காய் போடும் நாள். மரம் ஏற வந்தவரை அண்ணன் கூப்பிட்டு, "மரம் அப்பறம் ஏறலாம். மொதல்ல அத புடி" என்றார்.

"வேணாங்க. அத புடிச்சா கேஸ் ஆயிடும்."

"என் வூட்டு தோட்டத்துல எவன் வந்து கேப்பான்? புடிக்க முடியாதுன்னா சொல்லு, மரத்துக்கும் வேற ஆள் பாத்துக்கறேன்."

மரம் ஏறுகிறவர் என்னைப் பார்த்தார். நான் வேண்டாம் என்று சொல்வேன் என்று நினைத்திருப்பார். என் கணவரும் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் உள்ளே போய்விட்டேன்.

சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தேன். பொந்துக்குள் பாதி நுழைந்துவிட்டதை வாலைப் பிடித்து இழுத்தார்கள். நகத்தால் மண்ணைப் பற்றிக்கொண்டு வர மறுத்தது. அண்ணன் கடப்பாரையால் பொந்தை இடித்தார். வெளியே வந்ததும் நாலு காலையும் முதுகுக்கு மேல் மடக்கிக் கட்டச் சொன்னார். அறுக்கும் முன்பே செத்துவிட்டால் கறி மருந்துக்கு ஆகாதாம். முன்னங்கால் முறிந்த சத்தம் ஜன்னல் வரை கேட்டது. "இன்னாம்மா, மசாலா அரைச்சிட்டியா?" என்று அங்கிருந்தே கேட்டார். "அரைச்சிகினு இருக்கேன் மாமா" என்றேன். மிக்சியை ஓடவிட்டு, அந்தச் சத்தத்தில் காட்டிலாகாவுக்குப் போன் செய்தேன். பெயர் சொல்லவில்லை. வீட்டு அடையாளம் மட்டும் சொன்னேன்.

முக்கால் மணி நேரத்தில் ஜீப் வந்துவிட்டது. உடும்பு துணி துவைக்கும் கல் மேல் கட்டியபடி கிடந்தது. பக்கத்தில் மரம் ஏறுகிறவர் கத்தி தீட்டிக்கொண்டிருந்தார். அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க. தேங்கா போட வந்தவன் புடிச்சிட்டான். நானே இப்பதான் சத்தம் போட்டேன்" என்றார் எழுந்து.

என் கணவரும் ஆமாம் என்றார். வந்திருந்த அதிகாரி என்னிடம் திரும்பினார். "யாரும்மா புடிச்சது?"

"இவர்தான் புடிச்சார்."

"யார் சொல்லி?"

"நான் உள்ள சமைச்சிகினு இருந்தேன் சார். தெரியாது."

மரம் ஏறுகிறவர் வாயைத் திறந்தார். என்னைக் காட்டிக்கொடுக்கப் போகிறார் என்று நினைத்தேன். "அந்தம்மாவ எதுவும் கேக்காதீங்க சார். அவங்க இதையெல்லாம் பாத்து பாத்து எழுதறவங்க. இதுல அவங்களுக்கு சம்பந்தமே கெடையாது" என்றார். அவரையும் உடும்பையும் ஏற்றிக்கொண்டு ஜீப் போனது. உடும்பை அணைக்கு மேலே காட்டில் விட்டதாகப் பிறகு சொன்னார்கள். முறிந்த காலோடு அது எத்தனை நாள் இருந்திருக்கும்? மதியம் அண்ணனுக்கு முட்டைக் குழம்பு வைத்தேன். நன்றாக இருக்கிறது என்று சாப்பிட்டார்.

இரண்டு நாள் கழித்து மரம் ஏறுகிறவரின் மனைவி இடுப்பில் குழந்தையோடு வந்தாள். "நீங்க வந்து நடந்தத சொன்னா போதுங்கம்மா, ஜாமீன் குடுத்துடுவாங்கன்னு வக்கீல் சொல்றாரு."

"வூட்ல கேட்டுட்டு சொல்றேன்" என்றேன். மூன்று முறை வந்தாள், மூன்று முறையும் அதையே சொன்னேன். யாரிடமும் கேட்கவில்லை. நான்காவது முறை கேட் சத்தம் கேட்டதும் பாத்ரூமில் போய்த் தாழ் போட்டுக்கொண்டேன். வெகுநேரம் கூப்பிட்டுப் பார்த்துவிட்டுப் போனாள்.

அவர் இருபது நாளைக்கு மேல் ஜெயிலில் இருந்துவிட்டு வந்தார். இப்போது ஊரில் யாரும் அவரை மரம் ஏறக் கூப்பிடுவதில்லை, திருட்டுக் கை என்கிறார்கள். என் கணவர்தான் கடையில் அப்படிச் சொல்லி வைத்திருந்தார்.

அன்று விட்டுப்போன கயிற்றையும் அரிவாளையும் வாங்க ஒருநாள் வந்தார். உள்ளே வரவில்லை. எடுத்துவந்து கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, "போன் பண்ணது யாருன்னு எதுனா தெரிஞ்சுதாம்மா?" என்று கேட்டார்.

"தெரியலண்ணா" என்றேன்.

"யாரா இருந்தாலும் நல்லா இருக்கட்டும். அது உயிரு பொழைச்சிது இல்ல" என்றார்.

குடிக்கத் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டேன். வேண்டாம், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டு நடந்தார்.