உபதேசியார் இரவல் கொடுத்த பெரிய புத்தகம்

பிள்ளைகளே, நீங்கள் எல்லோரும் பிறப்பதற்கு முன்னால் எனக்கும் உங்கள் அம்மாவுக்கும் ஒரு பெண் குழந்தை பிறந்து, ஒன்பது நாள் இருந்து, போய்விட்டது. அம்மா இதைப் பற்றிப் பேசமாட்டாள். நான் எழுதி வைக்கிறேன். எட்டாவது வரை படித்தவன் எழுத்து. அங்கங்கே தடுமாறினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்போது இளம்பிள்ளைக்குப் பக்கத்தில், கஞ்சமலை அடிவாரத்தில் குடியிருந்தோம். நானும் அம்மாவும் ஞானஸ்நானம் வாங்கி இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. சேலத்தில் கத்தோலிக்கச் சாமியார்கள் நடத்திய பள்ளிக்கூடத்தில் படித்தபோதே எனக்கு அந்த எண்ணம் விழுந்துவிட்டது. கல்யாணத்துக்குப் பிறகு அம்மாவும் சம்மதித்தாள். அதோடு இரண்டு பக்கத்துச் சொந்தமும் எங்கள் வாசலை மிதிப்பதை நிறுத்தியது. அம்மாவின் அண்ணன் வெண்ணந்தூரிலிருந்து இளம்பிள்ளைக்குத் தறி நூல் விஷயமாக வருவார். எங்கள் தெரு வழியாகப் போகாமல் ஏரிக்கரையைச் சுற்றிக்கொண்டு போவார்.

எங்களுக்கு மிச்சமிருந்த சொந்தம் உபதேசியார் ஒருவர்தான். சேலத்துச் சாமியார் மாதம் ஒரு தடவை வந்து பூசை வைப்பார். மற்ற நாட்களில் அந்தச் சின்னக் கோயிலைத் திறப்பது, செபம் சொல்வது, எங்களைப் போன்ற புதியவர்களுக்கு வேதம் கற்றுக்கொடுப்பது எல்லாம் உபதேசியார். நான் அவரை அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். பிரசவத்துக்கு ஆள் இல்லாதபோது தன் வீட்டம்மாவை அனுப்பி வைத்தவர் அவர்.

ஏழாம் நாள் குழந்தை பால் குடிப்பதை நிறுத்தியது. தாடை இறுகிக்கொண்டது. தொட்டால் உடம்பு வில்லாக வளைந்தது. சாமியாரைக் கூட்டிவர ஆள் அனுப்பினோம்; அவர் ஆத்தூர்ப் பக்கம் போயிருந்தார். அடுத்த பூசைக்கு அவர் வரும்போது ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்று ஏற்பாடு செய்திருந்தோம். இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது.

உபதேசியார் எட்டாம் நாள் சாயங்காலம் வந்தார். மறுநாள் உச்சி வரைக்கும் குழந்தை கிடந்த பாயின் ஓரத்தில் உட்கார்ந்து செபமாலை உருட்டினார்.

“ஏனுங்கண்ணா, சாமியார் வாரதுக்குள்ள ஆயிப்போச்சுன்னா?” என்று கேட்டேன்.

“வந்துருவாருங்க தம்பி. நீங்க செபத்தை உடாம சொல்லுங்க” என்றார்.

சொன்னேன். உச்சிப் பொழுதில் குழந்தை போய்விட்டது.

கல்லறைத் தோட்டத்து வேலிக்கு உள்ளே வைக்கக்கூடாது என்று அவர்தான் சொன்னார். “ஞானஸ்நானத் தண்ணி ஊத்தாத கொழந்தைங்க தம்பி. சட்டம் அப்படி.” வேலிக்கு வெளியே ஓர் ஊஞ்ச மரத்தடியில் அவரே குழி வெட்டினார். கை காய்த்துப்போகிற அளவுக்குக் கெட்டித் தரை. நான் அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். அவ்வளவு நன்றி எனக்கு.

அப்படிப் போன குழந்தைகளுக்கு மோட்சமும் கிடையாது, நரகமும் கிடையாது என்று அவர் விளக்கினார். நோவு இல்லாத ஓர் இடம் உண்டு. அங்கே இருக்கும். ஆனால் சர்வேசுரனைப் பார்க்க முடியாது. நாம் மோட்சம் போனாலும் அவளைப் பார்க்க முடியாது.

அம்மா இதைக் கேட்டு அழவில்லை. சோறு வடிக்கும்போது, துணி துவைக்கும்போது, திடீரென்று ஒரே கேள்வியைக் கேட்பாள்.

“ஏனுங்க, அங்க புள்ளயத் தூக்கறதுக்கு யாரு இருக்கறாங்க?”

ஒரு வருஷம் அந்தக் கேள்வி எங்கள் வீட்டில் இருந்தது.

மறு வருஷம் கஞ்சமலையில் இரும்புக் கல் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க ஓர் அமெரிக்கர் வந்தார். மலைச்சரிவில் குழி வெட்டிக் கல் எடுத்து, பையில் போட்டு, நம்பர் எழுதி அனுப்புவார்கள். நம்பர் எழுதும் வேலை எனக்குக் கிடைத்தது. நான் பேசிய இங்கிலீஷ் உடைந்த இங்கிலீஷ்தான். அவர் நிதானமாக, ஒவ்வொரு வார்த்தையாகப் பேசுவார், போதுமானதாக இருந்தது.

முதல் வாரத்திலேயே அவரைப் பற்றி ஊரெல்லாம் பேச்சு. காப்பி குடிக்கமாட்டார். டீயும் கிடையாது. சுருட்டு, சாராயம் எதுவும் இல்லை. கம்மங்கூழை மோர் ஊற்றிக் கரைத்துக் கொடுத்தால் இரண்டு சொம்பு குடிப்பார். மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை அதுவும் இல்லாமல் பட்டினி. குழி வெட்டும் ஆட்களின் மேஸ்திரி, வாயாடி மனுஷர், “தொரை போன சென்மத்துல பழனிக்கு மாலை போட்டவரு, கழட்ட மறந்துட்டாரு” என்பார்.

அவர் மோர்மன் மதத்தைச் சேர்ந்தவர். அந்தப் பெயரை நான் அதற்கு முன் கேட்டதில்லை. வெள்ளைக்காரர்கள் என்றால் சாமியார் கட்சி, புராட்டஸ்டண்டுப் பாதிரி கட்சி என்று இரண்டுதான் என்று நினைத்திருந்தேன். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் புளிய மர நிழலில் உட்கார்ந்து நான் கேட்பேன், அவர் சொல்லுவார். மேஸ்திரி எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து என்னை மொழிபெயர்க்கச் சொல்லுவார்.

பிதாவுக்கு உடம்பு உண்டு என்றார் அவர். நம்மைப் போலவே சதையும் எலும்பும் உள்ள உடம்பு; ஆனால் சாகாத உடம்பு. சுதனுக்கும் அப்படியே. இஸ்பிரீத்து சாந்து என்கிற பரிசுத்த ஆவிக்கு மட்டும் உடம்பு கிடையாது. மூவரும் மூன்று பேர், எண்ணத்தில்தான் ஒன்று. அவர் ஊரில் நூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு குடியானவப் பையன் தோப்புக்குள் போய் முழந்தாளிட்டபோது பிதாவும் சுதனும் பக்கத்தில் பக்கத்தில் நின்றதைக் கண்ணால் பார்த்தானாம். அதோடு நிற்கவில்லை. பிதாவும் ஒரு காலத்தில் மனுஷனாக இருந்து, வளர்ந்து, அந்த நிலைக்கு வந்தவர் என்றார். நாம் எல்லோரும் பிறப்பதற்கு முன்பே அவர் வீட்டுப் பிள்ளைகளாக இருந்தவர்கள் என்றார்.

நான் இதை மேஸ்திரிக்குச் சொன்னேன். அவர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“ஏனுங்க எழுத்தரே, உங்க சாமிக்கு ஒடம்பே இல்லீன்னு போன மாசம் எங்கிட்டச் சொன்னீங்க.”

“ஆமாங்க.”

“இவரு சாமிக்குக் கையும் காலும் இருக்குதுங்கறாரு. ரெண்டு பேரும் ஒரே சாமியத்தானுங்களே கும்படறீங்க?”

“ஒரே சாமிதானுங்க.”

“அப்ப ரெண்டு பேருல ஒருத்தரு சாமியப் பாக்காமலே பேசறீங்க” என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

எனக்கு உள்ளுக்குள் குத்தியது. உடம்பு உள்ள சாமியைத்தானே நான் விட்டுவிட்டு வந்தேன்? எங்கள் குலசாமி ஒரு காலத்தில் உயிரோடு நடமாடிய பெண். எங்கள் பெரியவர்கள் அப்படித்தான் சொல்லுவார்கள். மனுஷராக இருந்தது சாமி ஆகாது என்று சொல்லித்தானே என்னை மாற்றினார்கள்?

இரண்டு நாள் கழித்து, மேஸ்திரி இல்லாத நேரத்தில், அமெரிக்கரிடம் குழந்தையைப் பற்றிச் சொன்னேன். அவர் கையில் இருந்த கல்லைக் கீழே வைத்தார். சின்னக் குழந்தைகளுக்கு ஞானஸ்நானமே தேவையில்லை என்றார். எட்டு வயது வரைக்கும் அவர்கள்மேல் ஒரு குற்றமும் கிடையாது. உங்கள் பெண் பிதாவிடம் இருக்கிறாள். அங்கே தாயும் உண்டு, பிதா தனியாக இல்லை என்று எங்களுக்கு நம்பிக்கை. உங்கள் மகள் உங்கள் மகளாகவே உங்களுக்குக் கிடைப்பாள்.

வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன். அடுப்புக்கு முன்னால் இருந்தவள் திரும்பி உட்கார்ந்தாள்.

“அந்தச் சாமிக்குக் கை இருக்குதா?”

“இருக்குதுங்கறாரு.”

“நெசமாலுமா?”

“அவரு நம்பறாரு.”

அன்றைக்கு அவள் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. அதற்குப் பிறகும் கேட்கவில்லை.

எனக்குப் பயம் வந்தது. அவளுக்கு வேதம் தப்பிய ஒரு பதிதனின் ஆறுதலைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டேனோ என்று. நேராக உபதேசியாரிடம் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் வாய்விட்டுச் சிரித்தார்.

“சர்வேசுரனுக்கு ஒடம்பா? அப்ப பசிக்குமா? தலைக்குத் தண்ணி வாப்பாரா? கேட்டுட்டு வாங்க தம்பி.”

“கேட்டேனுங்கண்ணா. உயிர்த்த பொறகு சேசுநாதர் மீன் தின்னாரல்ல, அப்ப ஒடம்பு இருந்துச்சல்லங்கறாரு.”

அவர் சிரிப்பு நின்றது. உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்து ஒரு தடித்த புத்தகத்தை எடுத்துவந்தார். நாங்கள் மனப்பாடம் செய்த சின்ன வினாவிடை இல்லை இது. உபதேசியார்களுக்கு மட்டும் கொடுப்பது. எல்லாக் கேள்விக்கும் இதில் பதில் இருக்கிறது, அந்த அமெரிக்கர் வாயை அடைத்துவிட்டுப் பத்திரமாகத் திருப்பிக் கொடுங்கள் என்றார். அவர் என்மேல் வைத்திருந்த நம்பிக்கையை நினைத்து எனக்குப் பெருமையாக இருந்தது.

சர்வேசுரன் சரீரமில்லாதவர் என்ற பாடம் முன்னாலேயே வந்துவிட்டது. கண், கை என்று வேதத்தில் வருவது நமக்கு விளங்குவதற்காகச் சொன்னது என்று எழுதியிருந்தது. அதை அமெரிக்கரிடம் சொன்னேன். அவர் மரியாதையாகக் கேட்டுவிட்டு, “எனக்கு அப்படி விளங்கவில்லை” என்றார். அத்தோடு நான் நிறுத்தியிருக்கலாம். புத்தகத்தை எடுத்தால் கடைசிப் பக்கம் வரைக்கும் படிக்கிற பழக்கம் எனக்கு. மூன்றாம் நாள் ஞானஸ்நானத்தைப் பற்றிய பாடத்துக்கு வந்தேன்.

குழந்தை சாகும் ஆபத்தில் இருந்து, சாமியாரும் பக்கத்தில் இல்லாவிட்டால் யார் ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்று ஒரு கேள்வி. யாரும் கொடுக்கலாம் என்று பதில். ஆணோ பெண்ணோ, தகப்பனோ தாயோ, வேறு ஆளே இல்லையென்றால் வேதத்தில் சேராதவன்கூட. தலையில் தண்ணீர் ஊற்றி, பிதா சுதன் இஸ்பிரீத்து சாந்துவின் பெயரைச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான். ஒரு கை தண்ணீர், ஒரு வரி வார்த்தை.

அந்தப் பதிலின் அடியில் பென்சிலால் கோடு போட்டிருந்தது. உபதேசியார் கோடு. பென்சிலை அழுத்திப் போடுவது அவர் வழக்கம். மறு பக்கத்தில் தடம் தெரியும்.

அன்றைக்கு மீதிப் பைகளுக்கு நான் என்ன நம்பர் எழுதினேன் என்று எனக்குத் தெரியாது.

நான் போனபோது அவர் கோயிலில் குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். புத்தகத்தை விரித்து அந்தப் பக்கத்தைக் காட்டினேன். அவர் புளியைக் கீழே வைத்தார்.

“தெரியுமுங்க தம்பி” என்றார்.

“ஒரு ராத்திரியும் அரைப் பகலும் பக்கத்துலயே உக்காந்திருந்தீங்களேண்ணா.”

“அதுக்கு முந்துன வருசம் ஒரு கொழந்தைக்கு ஊத்துனனுங்க. அது பொழச்சுக்கிச்சு. ஆபத்தே இல்லாததுக்கு எப்படி ஊத்துனேன்னு சாமியாரு பூசையில வெச்சு அத்தனை பேருக்கும் முன்னால என்னைய முழந்தாள்ல நிறுத்துனாரு. என்ர பொண்டாட்டி புள்ளைங்க பாத்துட்டிருந்தாங்க. இன்னொருக்கா அது ஆவாதுன்னு இருந்துட்டனுங்க. பொழச்சுக்கும்னு நெனச்சேன்.”

“செரி. எனக்காச்சும் சொல்லியிருக்கலாமல்லண்ணா? நான் ஊத்தியிருப்பனே.”

அதற்கு அவர் சொன்ன பதிலை இன்றைக்கும் எழுதக் கை கூசுகிறது.

“உங்களுக்குச் சொன்னா, நீங்க ஏண்ணா ஊத்தலைன்னு எங்கிட்டக் கேட்டிருப்பீங்க.”

குழி வெட்டியபோதும் அவருக்குத் தெரியும். வேலிக்கு வெளியே என்று கை காட்டியபோதும் தெரியும். நான் அவர் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டபோது கையை இழுத்துக்கொள்ளாமல் நின்றாரே, அப்போதும் தெரியும். கோபத்தில் அடித்துவிடுவேன் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. புத்தகத்தை மட்டும் திருப்பிக் கொடுக்கவில்லை.

அம்மாவிடம் சொல்லக்கூடாது என்றுதான் இருந்தேன். முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டாள். முழுவதையும் கேட்டுவிட்டுத் தன் இரண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“தண்ணிச் சொம்பு என்ர கையிலதானுங்க இருந்துச்சு. ஒதடு காயுதுன்னு நனைச்சுட்டே இருந்தேன். தலைக்கு ஊத்தோணும்னு எனக்கு ஆரு சொன்னா?”

அமெரிக்கரிடம் உங்கள் சபையில் எங்களைச் சேர்த்துக்கொள்வீர்களா என்று கேட்டேன். இந்தத் தேசத்தில் தங்கள் சபை இல்லை, ஊருக்குப் போய் எழுதுகிறேன் என்றார். மலையில் வேலை முடிந்து போனார். கடிதம் வரவில்லை. அவரைக் குறை சொல்லி என்ன செய்ய? அவர் கொடுத்ததை அம்மா வைத்துக்கொண்டாள்.

நாங்கள் அதே கோயிலுக்குத்தான் போனோம். வேறு எங்கே போவது? உபதேசியார் செபம் சொல்வார், நாங்கள் பதில் சொல்வோம். அண்ணா என்று கூப்பிடுவதை நான் விட்டுவிட்டேன். அவரும் ஏன் என்று கேட்கவில்லை.

அடுத்த வருஷம் உங்களில் பெரியவன் பிறந்தான். நல்ல குழந்தை, தெருக்கோடி வரைக்கும் கேட்கிற அழுகை. பிறந்து ஒரு நாழிகைகூட ஆகவில்லை. மருத்துவச்சி வெளியே போனதும் அம்மா சொம்பை எடுத்து என்னிடம் நீட்டினாள். நான் அவன் தலையில் ஊற்றி அந்த வார்த்தையைச் சொன்னேன். குழந்தைக்குத் தண்ணீரே வேண்டாம் என்று சொன்ன அமெரிக்கரை நாங்கள் நம்பினோம், அது இறந்தவளுக்கு. கையில் இருந்தவனுக்கு அந்த நம்பிக்கை போதவில்லை. இரண்டும் எப்படிச் சேரும் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

சாமியார் அந்த மாதப் பூசைக்கு வந்தபோது உள்ளதைச் சொன்னேன். அவர் குழந்தையை வாங்கி மேலும் கீழும் பார்த்தார். முகம் சிவந்துவிட்டது.

“பிள்ளை நன்றாகத்தானே இருக்கிறான். என்ன ஆபத்து வந்தது? இந்தப் பாடத்தை உனக்கு யார் சொல்லிக் கொடுத்தது?”

உபதேசியார் எண்ணெய்க் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு அவருக்குப் பின்னால் நின்றார். நான் வாயைத் திறந்தால் எல்லாம் வெளியே வந்துவிடும். அது அவருக்கும் தெரியும்.

“பொறந்ததும் மூச்சுத் திணறுச்சுங்க சாமி. நானும் பாத்தனுங்க” என்றார் உபதேசியார்.

பிள்ளை பிறந்த அன்றைக்கு அவர் எங்கள் வீட்டுப் பக்கமே வரவில்லை. சாமியார் என்னைப் பார்த்தார். “அப்படியா?”

உண்மையைச் சொல்லி முழந்தாளில் நிற்க எனக்குத் தயக்கம் இல்லை. ஆனால் என் பெண்ணை வேலிக்கு வெளியே வைத்தவர் தயவில் என் மகன் அன்று வேலிக்கு உள்ளே வந்துகொண்டிருந்தான். அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஆமாங்க சாமி” என்றேன்.

சாமியார் மறுபடி தண்ணீர் ஊற்றாமல், உப்பு வைத்து, எண்ணெய் பூசி, மீதிச் சடங்கை முடித்தார்.