கொட்டாஞ்சேனையில் முப்பத்தைந்து நிமிட வெயில்

வெயிலையும் நிழலையும் படமெடுப்பதற்காகவே வவுனியாவிலிருந்து கொழும்புக்கு வந்திருந்தேன். பாடசாலை விடுமுறையில் இந்த ஆசிரியைக்கு இருக்கிற ஒரே பைத்தியம் அது.

காலை 7.15. வெள்ளவத்தை, காலி வீதி. புடவைக் கடையொன்றின் ஷட்டர் பாதி உயர, வெயில் உள்ளே புகுந்து துணிச் சுருள்களின் அடிவரிசையை மட்டும் தொட்டது. "வடிவா எடுங்கோ, என்ர வயித்தை மட்டும் விட்டுடுங்கோ" என்று கடைக்காரர் சிரித்தார்.

கோட்டை வரை ரயில். அங்கிருந்து மூன்று கிலோமீற்றர் ஓட்டோவில், ஐந்நூறு ரூபாய்.

9.05. கொட்டாஞ்சேனையில் ஓர் ஒடுங்கிய சந்து. வீடுகளுக்கு உடுப்புத் துவைத்துக் கொடுக்கும் ரஜனி அக்கா, பதினொரு பள்ளிச் சட்டைகளைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தார்.

"முந்தி மத்தியானம் வரைக்கும் வெயில் நிக்கும், பிள்ளை. உது எழும்பினாப் பிறகு ஒன்பதுக்கு வரும், ஒன்பது முப்பத்தைஞ்சுக்குப் போயிடும்."

அவர் காட்டியது எதிரே நின்ற இருபது மாடிக் குடியிருப்பை. அதன் வாசலில், 'நாள் முழுதும் இயற்கை வெளிச்சம்' என்று மூன்று மொழிகளிலும் விற்பனை விளம்பரம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நிழலின் விளிம்பு ஒவ்வொரு சட்டையாகத் தின்றுகொண்டு வந்தது. ஏழு படங்கள் எடுத்திருப்பேன். குடியிருப்பின் மனேஜர் வீதியைக் கடந்து வந்தார்.

"எங்கட பில்டிங்க எடுக்க ஏலாது. அழிச்சிடுங்க."

"பில்டிங் படத்தில இல்லையே. நிழல் மட்டும்தான்."

"நிழலும் பில்டிங்கோடதானே? ஐடென்டிட்டியக் காட்டுங்க." அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வவுனியா! அங்கயிருந்து வந்து இங்க என்ன படம்? பொலிசைக் கூப்பிடவா?"

அந்த வடக்கு ஊர்ப் பெயரை அவர் சந்தேகத்தோடு சொன்ன விதம் போதும். ஏழையும் அழித்தேன்.

அவர் போனதும் ரஜனி அக்கா என் பக்கம் திரும்பினார். "என்ர வாசல், நான் துவைச்ச உடுப்பு. என்னட்ட ஒரு வார்த்தை கேக்காம ஏன் அழிச்சனீங்க?"

மீண்டும் கமெராவைத் தூக்கினேன். அதற்குள் வெயிலும் போய்விட்டது. பின்னேர ரயிலுக்கு எடுத்திருந்த டிக்கெட்டை விட்டுவிட்டு, வெள்ளவத்தையில் சிநேகிதி வீட்டில் தங்கினேன்.

மறுநாள் 9.15. அதே சந்து. அதே மனேஜர்.

"அழிக்க மாட்டன்" என்றேன். "பொலிசைக் கூப்பிடுங்கோ. அவங்களும் வந்து பாக்கட்டும்."

ரஜனி அக்கா ஈரச் சட்டையோடு வந்து என் பக்கத்தில் நின்றார். "இது பொது ரோட்டு, மாத்தயா. எங்களுக்கு இன்னும் இருவது நிமிஷம்தான் இருக்கு. கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ, நீங்களும் மறைக்கிறீங்கள்."

மனேஜர் தன் காலடியைப் பார்த்தார். அவருடைய நிழல் இரண்டு சட்டைகளின் மேல் கிடந்தது. முணுமுணுத்துக்கொண்டே தள்ளிப் போனார். நான் எடுத்தேன்.

வவுனியாவில் என் முற்றத்து வெயில் பொழுது சாயும் வரை கிடக்கிறது, காய்ந்த உடுப்பை எடுக்கவே மறந்துபோகும் அளவுக்கு. ஊர் திரும்பிய நாளிலிருந்து அதைப் பார்க்கும்போதெல்லாம் ரஜனி அக்காவின் முப்பத்தைந்து நிமிடம் நினைவுக்கு வந்து, எனக்குக் கோபம்தான் வருகிறது.